பழவேற்காட்டுப் "பாடு"

பாடு என்றதும் நமக்குப் பரீட்சை நேரத்துப் பாடுதான் ஞாபகம் வரும். பழவேற்காடு ஏரி மீனவர்களுக்கோ அது வலை கட்டும் இடம். அந்த இடத்தில் முறைவைத்து இறங்கும் உரிமைக்கும் அதே பேர்தான்.

நான் சிவில் மாணவன். அதனால் தண்ணீர்க் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். இறால் முட்டையிடுவது கடலில். குஞ்சுகள் முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் வந்து வளர்கின்றன. வளர்ந்ததும் அதே வழியாகத்தான் கடலுக்குத் திரும்பியாகணும். அந்தக் குறுகலான வாசல் பக்கம் ஒரே ஊர்க்காரர்கள் தினமும் வலையை மறித்துக் கட்டினால் பக்கத்து ஊருக்கு என்ன மிஞ்சும்? சண்டைதான் மிஞ்சும்!

அதற்குத்தான் இந்த ஏற்பாடு. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய மூன்று ஊர்ப் பட்டினவர்களும் இறால் பாடுகளை முறைபோட்டுப் பங்கிட்டு வந்திருக்கிறார்கள். தலைக்கட்டுப் பட்டியலில் பேர் இருக்கணும். முறை ஊருக்கு ஊர் மாறும். ஊருக்குள் ஆளுக்கு ஆள் மாறும். இன்றைக்கு நல்ல இடம் வாய்த்தவர் நாளைக்கு அதை அடுத்தவருக்கு விட்டாகணும். சர்க்கார் ஆபீசில் எழுதிக் கொடுத்த சட்டம் இல்லை இது, ஊர் வைத்த சட்டம். நம்ம ஹாஸ்டல் பாத்ரூம் கியூவைவிட ஒழுங்கு!

ஆனால் வாசலே அடைத்துக்கொண்டால்? நம் கிழக்குக் கரையில் அலை தள்ளும் மணல் வருஷத்தில் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. கோடையில் ஆற்றுத் தண்ணீர் வரத்து நின்றதும், மணலைத் தள்ள வேகம் இல்லாமல் முகத்துவாரம் தூர்ந்துபோகும். குஞ்சு உள்ளே வராது. ஏரித் தண்ணீர் வற்றி உப்பு ஏறும். அப்போது பாடு உள்ளவர், இல்லாதவர் எல்லாருக்கும் ஒரே கதி. கடல் மீன்பிடிக்கப் போகிற படகுகளுக்கும் அதுதான் வழி.

இந்த முறையில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. அதே ஏரியை நம்பித்தான் மற்ற சாதி மீனவர்களும் பிழைக்கிறார்கள். இருளர்கள் இடுப்பளவுத் தண்ணீரில் சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கிறார்கள். இவர்கள் பேர் எந்தத் தலைக்கட்டுப் பட்டியலிலும் கிடையாது. பாடு கட்டாத இடமாகப் பார்த்துத்தான் இவர்கள் இறங்கணும்.