கோடையிற் பிறக்கும் ஒழுக்கு

வீட்டுக்குக் கூரை வேயக் கற்ற மனிதன், பின்னர் ஓடும் வண்டிக்கும் ஒரு கூரை வேண்டுமென்று எண்ணினான். மாட்டு வண்டிக்குக் கூடாரம் கட்டினான். குதிரை வண்டிக்குத் தோல் விரித்தான். மோட்டார் வண்டி வந்ததும் இரும்பு வளைவுகளின்மேல் துணியை இழுத்துப் போர்த்தினான். வீட்டுக் கூரை நின்ற இடத்தில் நிற்பது. வண்டிக் கூரையோ ஓடுவது, அதிர்வது, காற்றோடு மல்லுக் கட்டுவது. ஆயினும் மழைக்கு இந்த வேறுபாடெல்லாம் தெரியுமா? ஊசி நுழைந்த துளை ஒன்று கிடைத்தால் அதற்குப் போதும்.

1948ஆம் ஆண்டில் வெளிவந்த மொரிஸ் மைனர் காரில் திறந்து மூடும் துணிக்கூரை கொண்ட வகையும் இருந்தது. அவ்வகைக் கார்களை இன்று விரும்பிப் பேணுவோர் சிலரே. ஆனால் அதே துணிக்கூரையின் உடன்பிறப்பு நம் கண்முன்னே நாள்தோறும் ஓடுகிறது. ஒலுவில் சந்தியிலே நின்று கல்முனை–அக்கரைப்பற்று நெடுஞ்சாலையைச் சற்று நேரம் நோக்குவோமானால், வரிசையாக வரும் முச்சக்கர வண்டிகள் அதனைக் காட்டும். வளைந்த இரும்புக் குழாய்கள், அவற்றின்மேல் ரெக்சின் ஹூட், பின்புறத்தே கண்ணாடித்தாள் சாளரம், இருமருங்கும் சுருட்டி வைத்த மழைத்திரை: காரின் துணிக்கூரைக்குரிய உறுப்புக்கள் பெரும்பாலும் இங்கே உள்ளன. அதன் நோய்களும் உள்ளன.

இது சிறு விடயம் என்று தள்ளத்தக்கதன்று. நள்ளிரவில் பிரசவ வேதனையோடு கல்முனை வைத்தியசாலைக்குப் புறப்படும் தாய்க்கு இவ்வண்டியே துணை. தென்கிழக்குப் பல்கலைக்கழகத்துக்குப் புத்தகக் கட்டோடு விரையும் மாணவிக்கும், சந்தையிலிருந்து அரிசியும் சீனியும் ஏற்றி வரும் குடும்பத் தலைவனுக்கும் இதுவே வாகனம். ஒழுகும் வண்டியிலே ஒருமுறை நனைந்தவர் அடுத்த முறை வேறு வண்டியைக் கைகாட்டுவார். அப்பொழுது குறைவது வண்டிக்காரனின் அன்றைய அடுப்புக்குரிய வருமானம். மேலும், உள்ளே இறங்கிய நீர் மிதியடியின் கீழே தங்கிக் கடற்காற்றின் உப்போடு கூடித் தளத்தகட்டை அரித்துவிடும். ஹூட்டின் குற்றத்துக்குத் தண்டம் இறுப்பது வண்டியின் உடல்.

நம் கரையில் பெருமழை வருவது நவம்பர் முதல் ஜனவரி வரை. வாடைக் காற்றோடு மாரி இறங்கியதும், “ஹூட் ஒழுகுகிறதே!” என்று குஷன் கடையை நோக்கி எல்லாரும் ஒரே வேளையில் ஓடுகின்றனர். ஆனால் ஒழுக்கு மாரியிலே பிறப்பதில்லை; கோடையிலே பிறக்கிறது. கச்சான் வீசும் மாதங்களில் வெயில் ரெக்சினைச் சுடுகிறது. அந்தப் பூச்சுக்கு நெகிழ்வைத் தரும் மென்மையாக்கிப் பொருள் வெப்பத்தால் மெல்ல மெல்ல வெளியேற, துணி விறைத்து மடிப்புக்களில் வெடிக்கிறது. சூரியனின் ஊதா கடந்த கதிர்கள் தையல் நூலை நைந்துபோகச் செய்கின்றன. மழை செய்வதெல்லாம், கோடை எழுதி வைத்ததை உரக்க வாசிப்பதுதான்.

தையலுக்கும் மழைக்கும் உள்ள பகை பழையது. கிளாஸ்கோ நகரத்து இரசாயனவியலாளர் சார்ள்ஸ் மக்கின்டொஷ், நப்தாவிலே கரைத்த இறப்பரை இரு துணிகளுக்கு நடுவே வைத்து ஒட்டி, 1823இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். நீர் புகாத துணி கிடைத்தது. அதில் நீர் புகாத மேலங்கி கிடைப்பதோ எளிதாக இருக்கவில்லை. தையற்காரர் ஊசி குத்திய துளைதோறும் மழை உள்ளே வந்தது! காருக்கான உயர்தரத் துணிக்கூரை இன்றும் இரு துணிகளுக்கிடையே இறப்பர் வைத்தே செய்யப்படுகிறது. அதன் பலவீனமும் அன்றுபோல் இன்றும் தையலிலேதான்.

ஆகவே, பழுது பார்க்க விரும்புவோர் முதலிற் செய்ய வேண்டியது ஒழுக்கின் ஊற்றைக் காண்பது. சொட்டும் இடம் வேறு, புகும் இடம் வேறு. உள்ளே வந்த துளி இரும்பு வளைவைப் பற்றிக்கொண்டு ஒரு முழம் ஓடிப் பின்னரே விழும். வெயில் நாளொன்றில் ஒருவர் உள்ளே கைவிளக்கும் வெண்கட்டியுமாக அமர, மற்றவர் வெளியே பூவாளியால் நீர் வார்க்க வேண்டும். தாழ்ந்த தையலில் தொடங்கி ஒவ்வொன்றாக மேலேறுக. ஒவ்வொரு தையலிலும் சில நிமிடம் பொறுத்திருக்க வேண்டும். மேலிருந்து தொடங்கினால் எல்லா இடமும் நனைந்து, எது குற்றவாளி என்பது தெரியாமற் போகும். குழாய் நீரை வேகமாகப் பீய்ச்சுவதும் தவறு. மழையில் ஒழுகாத இடத்தையும் அது ஒழுகச் செய்யும்.

ஊற்றைக் கண்டபின் மென்மையான சவர்க்கார நீரால் ஹூட்டைக் கழுவி, நன்றாக உலரவிட வேண்டும். அறுந்த தையலைப் பழைய துளைகளின் வழியே கையாலே தைப்பது நன்று. பக்கத்திலே புதிதாக ஒரு வரிசை குத்தினால், தபால் முத்திரையின் ஓரம்போலத் துணி கிழிந்து வரும். பருத்தி நூல் நனைந்ததும் பருத்துத் துளையை அடைக்கும்; ஆனால் விரைவில் உக்கும். பொலியெஸ்டர் நூல் உக்காது. ஆனால் துளையை அடைக்காது. மயிர்த்துளை வழியே நீர் எண்ணெய் திரியில் ஏறுவதுபோல் நூலோடு உள்ளே வரும். எனவே பொலியெஸ்டர் நூலால் தைத்து, அத்தையலின் மேலே அதற்குரிய அடைப்புப் பசையை மெல்லிதாகத் தடவி இறுகவிடுவதே தக்கது. கிழிசலுக்கு, அதனினும் பெரிய ஒட்டுத் துண்டொன்றை மூலைகளை வட்டமாக வெட்டி உள்ளிருந்து ஒட்ட வேண்டும். கூரிய மூலை முதலிற் பெயரும்.

நீர்காப்புத் திரவம் எல்லா ஹூட்டுக்கும் உரியதன்று. படங்குபோன்ற நெய்த துணி நீரை உறிஞ்சும். அதற்கு அது பயன்படும். ரெக்சினின் பூச்சோ தானே நீரைத் தடுப்பது. வெடித்த ரெக்சின்மேல் திரவம் ஊற்றுவது வீண் செலவு. அவசரத்திற்குச் சிலிக்கோன் பசையை அப்புவோர் ஒன்றை நினைவிற் கொள்ளவேண்டும்: அது படிந்த இடத்திலே பின்னர் வேறெந்தப் பசையும் ஒட்ட மறுக்கும். இன்றைய அவசரம் நாளைய பழுதுபார்ப்புக்குத் தடையாகிவிடும்.

இவை யாவினும் மேலான பாடத்தை நம் முன்னோர் கிடுகுக் கூரையிலே வைத்துச் சென்றனர். கிடுகிலே இடைவெளிகள் எத்தனை! ஆயினும் அது ஒழுகுவதில்லை. இறவாரத்தில் தொடங்கி முகடு நோக்கி, மேற்கிடுகு கீழ்க்கிடுகின்மேல் படிய வேய்வார்கள். கூரைக்குச் சரிவும் கொடுப்பார்கள். நீர் நிற்க நேரமில்லை, நுழைய வழியுமில்லை. ஹூட்டின் தையல் மடிப்பும் அவ்வாறே கீழ்நோக்கிப் படிய வேண்டும். வளைவுகளுக்கிடையே துணி தொய்ந்தால் நீர் குளமாகத் தேங்கும். தேங்கிய பாரம் மேலும் தொய்வைத் தரும். வாரை இறுக்கித் துணியை விறைப்பாக நிறுத்துவதே பாதி வைத்தியம். காரின் துணிக்கூரையில் நீர் வடியும் குழாய்கள் இருந்தால், சருகு அடையாதபடி அவற்றைத் துப்புரவாக வைப்பதும் இதிலே அடங்கும்.

நீரைப் பகைத்து வென்றவர் எவருமில்லை. அதற்கு வழிவிட்டு வாழ்ந்தவர் உண்டு. மாரியில் ஆறு பெருகும்போது மணல்மேட்டை வெட்டி முகத்துவாரம் திறந்துவிடும் கிழக்குக் கரை மக்களுக்கு இதனை எவரும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. வயலுக்கும் வாய்க்காலுக்கும் தெரிந்த அந்த அறிவு ஹூட்டுக்கும் தெரிந்தால் போதும். வானம் வெளுத்திருக்கும் ஓகஸ்ட், செப்டெம்பர் மாதங்களிலே, குஷன் கடைக்காரருக்கும் ஓய்வு இருக்கும். பசையும் நன்றாக உலரும். கச்சான் ஓயுமுன் ஊசியை எடுத்தவன், வாடை வீசும் இரவிலே தன் வண்டியில் ஏறிய தாயையும் சேயையும் நனையாது கொண்டுசேர்ப்பான்.