பில் இல்லாத தள்ளுபடி

பெங்களூரு எஸ்.பி. ரோடு போன்ற கடைத்தெருக்களிலும் இணையத்திலும் டிரில்லிங் மெஷினும் ஆங்கிள் கிரைண்டரும் 50, 60 சதவீதத் தள்ளுபடியில் கிடைக்கின்றன. அந்தத் தள்ளுபடி கணக்கிடப்படும் எம்.ஆர்.பி. என்பது அதற்கு மேல் விற்கக் கூடாது என்னும் உச்சவரம்பு மட்டுமே. அதை அச்சிடுபவர் உற்பத்தியாளர் அல்லது இறக்குமதியாளர். அடக்கவிலையைப் போல இத்தனை மடங்குதான் வைக்கலாம் என்று இந்தக் கருவிகளுக்கு வரம்பு கிடையாது. அதனால் சதவீதத்தைப் பார்த்துக் கருவியை மதிப்பிட முடியாது. அதே மாடல் எண்ணுக்கு நாலு கடையில் என்ன விலை என்று விசாரித்தால்தான் உண்மையான தள்ளுபடி தெரியும்.

பழைய மாடலைத் தீர்க்கவும் பண்டிகைக்காகவும் நல்ல நிறுவனங்களும் விலையைக் குறைக்கின்றன, அதில் பழுதில்லை. பயப்பட வேண்டியது கருவியின் உள்ளே குறைத்ததற்குத்தான். காயிலில் தாமிரத்துக்குப் பதில் அலுமினியம், பால் பேரிங்குக்குப் பதில் வெறும் புஷ், மெலிந்த வயர், ஆடும் பாதுகாப்பு மூடி (கார்டு). வருஷத்துக்கு இரண்டு முறை சுவரில் ஓட்டை போடுபவருக்கு மலிவு டிரில் போதும் என்பதை ஒப்புக்கொள்ளலாம். கிரைண்டருக்கு அது பொருந்தாது. நிமிடத்துக்கு 11,000 சுற்றில் 4 அங்குல வீலின் விளிம்பு மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. உடைந்தால் சில்லு முகத்தை நோக்கியும் வரலாம். வீலில் அச்சிட்ட சுற்று வேகம் மெஷினின் வேகத்தைவிடக் குறைவாக இருந்தால், இலவசமாகவே தந்தாலும் அதை மாட்டக் கூடாது.

எல்லாவற்றிலும் மோசமானது, 'பில் வேண்டாமென்றால் இன்னும் குறைக்கிறேன்' என்னும் கடைசித் தள்ளுபடி. தொழிலுக்கு வாங்குபவருக்கு நுகர்வோர் சட்டம் எப்படியும் பொருந்தாது, பில் எதற்கு என்பார்கள். அது தவறு. சுயதொழில் செய்து பிழைக்க மட்டுமே வாங்குபவர் 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நுகர்வோர்தான். கோவை பி.எஸ்.ஜி. இன்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட் மீது லக்ஷ்மி இன்ஜினியரிங் ஒர்க்ஸ் தொடுத்த வழக்கில், முந்தைய சட்டத்தில் இருந்த இதே விதியை 1995இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. வழக்குப் போட்டவர் தோற்றார். ஆனால் பிழைப்புக்காக லேத் வாங்கித் தானே ஓட்டுபவர், ஒன்றிரண்டு பேரை உதவிக்கு வைத்துக்கொண்டாலும், நுகர்வோரே என்றது தீர்ப்பு. தச்சருக்கும் எலக்ட்ரீஷியனுக்கும் இது பெரிய பலம்.

பில் தராததையே 2019ஆம் ஆண்டுச் சட்டம் நியாயமற்ற வணிக நடைமுறை என்கிறது. 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்ற பலகையும் பழுதான பொருளுக்குச் செல்லாது. பில்லில் கெடு குறிப்பிடாவிட்டால் 30 நாளுக்குள் அதைத் திரும்ப எடுத்துப் பணம் தர வேண்டும். மறுத்தால் முதலில் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசலாம். தீராவிட்டால், புகாருக்கான காரணம் எழுந்ததிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. வசிக்கும் மாவட்டத்திலேயே மனுப் போடலாம் என்பதால், பெங்களூருவில் வாங்கிய ஓசூர்க்காரர் அதற்காக அங்கே அலைய வேண்டியதில்லை. பில்லில் மாடல் எண்ணோடு சீரியல் எண்ணையும் எழுதச் சொல்லுங்கள். பணத்தை யூபிஐயில் கொடுத்தால், பில் கைதவறிப் போனாலும் வாங்கியதற்குச் சாட்சி இருக்கும்.