ஜன்னல் வழியே தூக்கிப்போட ஒரு வார்த்தை



பிளேஸ்மென்ட் சீசன் வந்தாலே ஹாஸ்டல் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு பிடிஎஃப் சுற்ற ஆரம்பிக்கும். இடது பக்கம் கடினமான ஆங்கில வார்த்தை, வலது பக்கம் அர்த்தம், மொத்தம் ஆயிரம். ராத்திரி உட்கார்ந்து ஐம்பது வார்த்தையை உருப்போட்டால், காலையில் மெஸ்ஸில் இட்லி வாங்குவதற்குள் நாற்பத்தைந்து காணாமல் போயிருக்கும்.

தப்பு நம்ம மண்டையில் இல்லை, அந்த லிஸ்டில்தான் இருக்கு. ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மன் உளவியலாளர், அர்த்தமே இல்லாத அசைகளை மனப்பாடம் செய்து தன் ஞாபகத்தையே சோதித்துப் பார்த்து, 1885-இல் முடிவுகளை வெளியிட்டார். மறதி முதல் சில மணி நேரத்தில்தான் வேகமாக நடக்கிறது என்பது அதில் தெரிந்தது. பின்னணி எதுவும் தெரியாத ஆங்கில வார்த்தையும் நமக்கு அர்த்தமில்லாத அசை மாதிரிதான். அதைப் பிடித்து வைக்க ஒரு கைப்பிடி வேணும். அந்தக் கைப்பிடி பெரும்பாலும் வார்த்தையின் வேரிலோ கதையிலோ இருக்கும்.

கதை இருந்தால் மறக்காது

'டிஃபெனெஸ்ட்ரேஷன்' என்று ஒரு வார்த்தை. ஒருவரை ஜன்னல் வழியாகத் தூக்கி வெளியே எறிவது என்று அர்த்தம். இதுக்கெல்லாமா தனி வார்த்தை என்று கேட்கலாம். 1618 மே 23 அன்று பிராக் கோட்டையில் நிஜமாகவே அது நடந்தது. மன்னர் தரப்பு அதிகாரிகள் இருவரையும் அவர்களுடைய செயலாளரையும் கோபத்தில் இருந்த பிரபுக்கள் ஜன்னல் வழியே எறிந்தார்கள். மூன்று பேரும் பிழைத்துக்கொண்டார்கள். ஆனால் அதைத் தொடர்ந்து ஐரோப்பாவில் முப்பதாண்டுப் போர் வெடித்தது. லத்தீனில் 'ஃபெனெஸ்ட்ரா' என்றால் ஜன்னல். லேப்டாப்பில் விண்டோஸைத் தூக்கிவிட்டு லினக்ஸ் போடுவதையும் இந்த வார்த்தையால் கிண்டலாகச் சொல்லுவாங்க. இனி இதை மறப்பீங்களா?

'செரண்டிப்பிட்டி' நமக்குப் பக்கத்து வீட்டு வார்த்தை. ஹொரேஸ் வால்போல் என்ற ஆங்கில எழுத்தாளர் 1754 ஜனவரி 28 அன்று எழுதிய ஒரு கடிதத்தில் இதை உருவாக்கினார். செரண்டிப் நாட்டு இளவரசர்கள் மூன்று பேர் தாங்கள் தேடாததை எல்லாம் தற்செயலாகவும் தங்கள் கூர்மையாலும் கண்டுபிடிக்கும் ஒரு பாரசீகக் கதைதான் அதற்கு அடிப்படை. செரண்டிப் என்பது இலங்கையின் பழைய பெயர்களில் ஒன்று. இது வெறும் அதிர்ஷ்டம் இல்லை, கவனிக்கிற கண்ணும் வேணும். 1928-இல் அலெக்சாண்டர் ஃபிளெமிங் தன் தட்டில் பூஞ்சை பிடித்ததைப் பார்த்துத் தூக்கிப்போடாமல் யோசித்தாரே, அதுதான் செரண்டிப்பிட்டி. 'லக்' என்று சொன்னால் அந்தப் பாதி விட்டுப்போயிடும்.

வேர் தெரிந்தால் ஒண்ணுக்கு நாலு

முதல் மழையில் எழும் மண்வாசனைக்கு ஆங்கிலத்தில் 'பெட்ரிகோர்' என்று பெயர். இசபெல் பேர், ரிச்சர்ட் தாமஸ் என்ற இரண்டு ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள் 1964-இல் 'நேச்சர்' இதழில் இந்தப் பெயரைக் கொடுத்தார்கள். கிரேக்கத்தில் 'பெட்ரா' என்றால் பாறை. 'இகோர்' என்றால் தேவர்களின் உடம்பில் ரத்தத்துக்குப் பதிலாக ஓடும் திரவம். இந்த 'பெட்ரா' பிடிபட்டால் பெட்ரோலியம் என்பது பாறை எண்ணெய் என்று புரியும். 'பெட்ரிஃபைட்' என்றால் பயத்தில் கல்லாய் உறைந்துபோனவர் என்பதும் தானாக வரும்.

நம்ம கூட்டத்துக்கே பொருத்தமான ஒரு ஜோடியும் இருக்கு. லத்தீனில் 'கிராஸ்' என்றால் நாளை. வேலையை நாளைக்குத் தள்ளினால் 'புரோகிராஸ்டினேட்'. 'பெரெண்டியே' என்றால் நாளை மறுநாள். நாளை மறுநாளைக்குத் தள்ளினால் 'பெரெண்டினேட்'! அகராதியில் தூங்கிக்கொண்டிருக்கும் அபூர்வ வார்த்தை இது. ரெக்கார்ட் நோட் எழுதுகிற நம்மைவிட அதை எழுப்பத் தகுதியானவர்கள் யார்?

எங்கே இருந்து வந்தது என்று பாருங்க

தமிழிலிருந்தும் ஆங்கிலத்துக்கு வார்த்தைகள் போயிருக்கு. கட்டுமரம் 'கட்டமரன்' ஆனது, சுருட்டு 'செரூட்' ஆனது, மிளகுத்தண்ணி 'மல்லிகடானி' சூப் ஆனது. இதையெல்லாம் கேட்கப் பெருமையாக இருக்கும்.

ஆனால் இன்னொரு வார்த்தையும் போயிருக்கு. பறையர் என்ற மக்களின் பெயர்தான் ஆங்கிலத்தில் 'பரையா' ஆனது. எல்லாராலும் ஒதுக்கப்பட்டவர் என்ற அர்த்தத்தில் ஆங்கிலப் பேப்பர்களில் இன்றைக்கும் 'பரையா ஸ்டேட்' என்று எழுதுகிறார்கள். ஒரு சமூகத்தின் பெயரையே இழிசொல்லாக மாற்றி வைத்திருக்கும் வார்த்தை அது. வார்த்தை லிஸ்டில் அதன் அர்த்தம் மட்டும்தான் இருக்கும், இந்த வரலாறு இருக்காது. குரூப் டிஸ்கஷனில் கெத்துக்காக அதை வீசும்போது எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு எப்படி இருக்கும்? 'ஐசொலேட்டட்' என்று சொன்னாலே வேலை முடிந்துவிடும். வேரைத் தெரிந்துகொள்வதில் ஞாபகத்துக்கு மட்டும் லாபம் இல்லை, எந்த வார்த்தையை விட வேண்டும் என்பதும் அதில்தான் தெரிகிறது.

பயன்படுத்தும் முன் மூணு கேள்வி

ஒன்று: எளிய வார்த்தையால் சொல்ல முடியாத எதையாவது இது சொல்லுதா? 'யூஸ்' இருக்கும்போது 'யுடிலைஸ்' எதுக்கு? சின்ன வார்த்தை போதும் என்கிற இடத்தில் நீள வார்த்தை வேண்டாம் என்று ஜார்ஜ் ஆர்வெல் 1946-லேயே ஒரு கட்டுரையில் விதி போட்டிருக்கிறார்.

இரண்டு: இதன் கூட்டாளி யார்? 'டோரென்ஷியல்' பெரும்பாலும் மழையோடு வரும், 'அப்ஜெக்ட்' வறுமையோடு வரும். லிஸ்டில் 'நொட்டோரியஸ்' பக்கத்தில் 'ஃபேமஸ்' என்று போட்டிருக்கும். அதை நம்பி நம்ம எச்.ஓ.டி.யை 'நொட்டோரியஸ் புரொஃபசர்' என்று அறிமுகம் பண்ணினால் அடுத்த செமஸ்டர் அரியர்தான்.

மூன்று: வாயில் சரியாக வருதா? எழுத்தைப் பார்த்து 'எபிடோம்' என்று சொல்லாதீங்க, அது 'இபிட்டமி'. அதே மாதிரி 'ஹைப்பர்போல்' இல்லை, 'ஹைபர்பொலி'. அகராதி ஆப்பில் ஸ்பீக்கர் படத்தைத் தட்டினால் உச்சரிப்பு கேட்கும்.

எப்படிச் சேர்ப்பது?

வாரத்துக்கு ஐந்து வார்த்தை போதும். லிஸ்டிலிருந்து எடுக்காமல், நீங்க படிக்கிற செய்தி, பார்க்கிற சீரிஸ், கேட்கிற பாட்காஸ்டிலிருந்து எடுங்க. வார்த்தையைத் தனியாக எழுதாமல் அது வந்த வாக்கியத்தோடு எழுதுங்க. பக்கத்தில் வேரையும் சேருங்க. அப்புறம் உங்க வாழ்க்கையை வைத்து ஒரு வாக்கியம். அடுத்த நாள், மூன்றாம் நாள், ஒரு வாரம் கழித்து என்று இடைவெளி விட்டுத் திரும்பப் பாருங்க. 'ஆங்கி' ஆப் இந்த இடைவெளிக் கணக்கைத் தானே பார்த்துக்கொள்ளும்.

கடைசியாக ஒண்ணு. தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு வந்து, நல்ல ஐடியா இருந்தும் குரூப் டிஸ்கஷனில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்கும் நண்பர்கள் எல்லா டிபார்ட்மென்ட்டிலும் இருக்காங்க. இங்கிலீஷ் மீடியம் கோஷ்டி அடுக்கும் வார்த்தைகளைக் கேட்டே பாதிப் பேர் பின்வாங்கிடுறாங்க. அது வார்த்தையின் குற்றம் இல்லை, அதை வேலியாகக் கட்டுகிறவர்களின் குற்றம். அபூர்வமான வார்த்தை கிடைத்தால் மெஸ் டேபிளில் அதன் கதையோடு சொல்லுங்க. ஜன்னல் வழியே மூன்று பேரை எறிந்த கதையைக் கேட்க எந்த மீடியமும் தேவையில்லை. சொன்ன உங்களுக்கும் மறக்காது, கேட்டவருக்கும் ஒரு வார்த்தை மிச்சம்.