நீரின் ஆழமும் இரையின் ஆழமும்

நீர்ப்பூவின் தண்டு நீரின் ஆழத்தளவே நீளும் என்பது, ஊக்கமுடைமை அதிகாரத்தில் வள்ளுவர் எடுத்தாண்ட உவமை. பூவைக் கண்டவன் குளத்தில் இறங்காமலே அதன் ஆழத்தை உய்த்துணரலாம். தூண்டில் நூலிற் கட்டி இழுக்கும் போலிமீன் எத்துணை ஆழத்தில் ஓடும் என்பதையும் அங்ஙனம் உய்த்துணரலாகுமா? ஆகும் என்று எண்ணி யான் ஒருநாள் நாணமுற்றேன்.

வெளிநாட்டில் வாழும் பழைய மாணவர் ஒருவர் விடுமுறையிற் சாவகச்சேரிக்கு வந்தபோது, விரல் நீளமுள்ள பிளாஸ்ரிக் மீன் ஒன்றைக் கொணர்ந்தார். அதன் வாயின் கீழே, நாக்கை நீட்டினாற்போல ஒரு தகடு. 'எட்டடி ஆழம் ஓடும்' என்று உறையில் அச்சிட்டிருந்தது. அதனைச் சோதிக்கக் கச்சாய்க் கரைக்குச் சென்றோம். அங்கே படகுடன் நின்றவரும் என் பழைய மாணவரே. புணர்ச்சி விதிகள் அவருக்கு எளிதில் வாரா. 'ஆழமில்லாத தலை' என்று வகுப்பறையில், பலர் கேட்க, யான் அவரைக் கடிந்ததுண்டு.

அவர் ஓரிடத்திற் கோலை ஊன்றி, "ஒரு பாகம், ஐயா" என்றார். இரு கைகளையும் விரித்த நீளமே பாகம், ஏறத்தாழ ஆறடி. எட்டடி ஓடும் இரை ஆறடி நீரில் அடியைத் தொடுவது திண்ணம் என்றேன் யான். அவரோ உறையைப் பார்த்தாரல்லர். நூலை விரல்களால் உருட்டிப் பார்த்தார். "நூல் தடிப்பாக் கிடக்கு. விட்ட நீளமும் காணாது. இது அடியைத் தொடாது, ஐயா."

இழுத்தோம், தொடவில்லை. பின்னர் அவர் மெல்லிய தங்கூசியில் அதே மீனைக் கட்டி, முன்னையிலும் இருமடங்கு நீளம் விட்டார். சற்று நேரத்தில் நூல் கையில் இடறிற்று. இழுத்தெடுத்தபோது தகட்டிற் சேறும் சாதாளையும் ஒட்டியிருந்தன.

காரணத்தை ஆராய்வோம். இவ்வகை இரை நீரில் மிதப்பது. இழுக்கும்போது நீர் தகட்டில் மோதித் தலையைக் கீழே அழுத்துகிறது. நூலோ அதனை மேலே இழுக்கிறது. அந்நூலை நீர் தடுக்குந்தோறும் அவ்விழுப்பு மிகுகின்றது. இவ்விரு விசைகளும் சமமாகும் இடமே அது ஓடும் ஆழம். தகடு நீண்டு உடலோடு ஒரே நேராக அமையின் ஆழம் மிகும். குறுகிச் செங்குத்தாய் நிற்பின் குறையும். நூல் தடித்தால் நீரின் தடை மிகுந்து இரை மேலெழும். விரைவு கூடக்கூட ஆழமும் கூடும் என்று எண்ணலாகாது. தகட்டின் அழுத்தம் பெருகும்போது நூலின்மேல் விழும் தடையும் உடன் பெருகுகின்றது.

அமிழும் இரையின் இயல்பு வேறு. 1936 ஆம் ஆண்டில் தக்கையைச் செதுக்கிப் போலிமீன் செய்த பின்லாந்து மீனவர் லவுரி ரபாலாவின் பெயரால் அமைந்த நிறுவனம், பின்னாளில் நொடிக்கு ஏறக்குறைய ஓரடி அமிழும் இரையையும் ஆக்கிற்று. அதனை எறிந்து, ஐந்து எண்ணி இழுத்தால் ஏறத்தாழ ஐந்தடியில் ஓடத் தொடங்கும். விரைந்து இழுத்தாலோ மேலெழும்.

ஆகவே உறையில் உள்ள எண் பொய்யன்று. ஒரு குறித்த நூலுக்கும் நீளத்துக்கும் விரைவுக்கும் மட்டுமே அது மெய். அளவறிந்த நீரில் இழுத்து, அடி தட்டுகிறதா என்று பார்ப்பதே உறுதியான வழி.

மாணாக்கரின் தேர்ச்சி அறிக்கையில் ஆசிரியராகிய யாம் இடும் எண்ணும் அத்தகையதே. எந்த நூலில், எத்துணை நீளம் விட்டு, எவ்வளவு விரைவில் இழுத்தோம் என்பதை மறந்து, ஆழம் இவ்வளவே என்று முடிவு கட்டிவிடுகிறோம்.

கரை சேர்ந்ததும், "அன்று வகுப்பில் யான் சொன்னது நினைவிருக்கிறதா?" என்று கேட்டேன்.

"ஐயா சொன்னதெல்லாம் நினைவிருக்கு" என்றார் அவர். பின்பு குனிந்து, தகட்டில் ஒட்டிய சேற்றை நீரிற் கழுவலானார். புணர்ச்சி விதிகளைத்தான் சொன்னாரென்று கொள்ள என் மனம் இடந்தரவில்லை.