நோய் தீரும், பெயர் தீருமா?

ஒருவரைக் 'குஷ்டரோகி' என்று அழைக்கத் தொடங்கியதுமே அவருடைய சொந்தப் பெயரை நாம் மறந்துவிடுகிறோம். 1930-இல் சுங்கை பூலோவில் தொழுநோயாளருக்கென ஒரு குடியிருப்பு திறக்கப்பட்டது. சட்டத்தின் பெயரால் பலர் குடும்பத்திலிருந்து பிரிக்கப்பட்டு அங்கே அனுப்பப்பட்டார்கள். அங்குப் பிறந்த குழந்தைகளும் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டன. குணமான பின்னும், ஊர் ஏற்காது என்றஞ்சிப் பலர் அங்கேயே தங்கிவிட்டார்கள்.

தொழுநோய் பாவத்தின் பலன் அன்று, கிருமியால் வருவது. 1873-இல் ஹான்சன் என்னும் மருத்துவர் அக்கிருமியைக் கண்டறிந்தார். இந்நோய் எளிதில் தொற்றாது. கூட்டு மருந்தை 6 முதல் 12 மாதம் வரை ஒழுங்காக உட்கொண்டால் குணமாகும்.

ஆகவே, தொட்டால் உணர்ச்சியில்லாத வெளிறிய தேமலைக் கண்டால் உடனே மருத்துவரிடம் காட்டுவோம். பலர் அதை மறைப்பது நோய்க்கு அஞ்சியன்று. நாம் சூட்டும் பெயருக்கு அஞ்சியே. அந்தப் பெயரை நம் வீட்டுப் பேச்சிலிருந்தே நீக்குவோம்.