பெங்களூரின் உச்சி வகிடு

விவேக் நகரிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். அவர் வீட்டு நல்லியில் காவிரித் தண்ணீர் வருகிறது. சம்பில் பிடித்து, மாடித் தொட்டிக்கு ஏற்றி, சமைத்துக் குளித்துத் துவைத்து மோரியில் விடுகிறார்கள். ஆறாம் வகுப்பு படிக்கும் மகள் கேட்டாளாம்: மோரியில் போன காவிரி மறுபடி காவிரிக்கே போய்ச் சேருமா?

சேராது. விவேக் நகரின் காவிரி தென்பெண்ணைக்குப் போகிறது. அதே தண்ணீர் ஐந்தாறு கிலோமீட்டர் மேற்கே, பசவனகுடியில் ஒரு வீட்டு மோரியில் விழுந்திருந்தால் காவிரிக்கே திரும்பியிருக்கும். சிறுமி கேட்டது சின்னக் கேள்வி இல்லை. உச்ச நீதிமன்றம் வரை போன விஷயம் அது.

பெங்களூரு சுமார் 920 மீட்டர் உயரத்தில், ஒரு மேட்டின் முதுகில் உட்கார்ந்திருக்கிறது. அந்த முதுகெலும்பு நகரின் நடுவே ஏறத்தாழ வடக்கு தெற்காக ஓடுகிறது. பள்ளிக்குக் கிளம்பும் பெண்குழந்தையை முன்னால் உட்காரவைத்து, சீப்பின் முனையால் நடு உச்சியில் வகிடு எடுக்கும் அம்மாவை நினைத்துக்கொள்ளுங்கள். சீப்பு போன கோட்டுக்கு இந்தப் பக்கம் விழுந்த முடி இடப் பின்னலுக்கு, அந்தப் பக்கம் விழுந்தது வலப் பின்னலுக்கு. வேரில் இரண்டுக்கும் நடுவே நூலளவு இடைவெளிதான். நுனிக்கு வரும்போது தோளகலம்.

பெங்களூருக்கும் இப்படி இரட்டைப் பின்னல். மேற்கே விழும் மழை விருஷபாவதியில் இறங்கி, அர்க்காவதியில் கலந்து, கனகபுராவுக்குத் தெற்கே சங்கமத்தில் காவிரியைத் தொட்டு, ஒகேனக்கல், மேட்டூர் வழியாகப் பூம்புகார்க் கடலுக்கு வருகிறது. கிழக்கே விழுவதற்கு இரண்டு கால்கள்: ஹெப்பாள் பள்ளத்தாக்கு ஒன்று, கோரமங்கலா - சல்லகட்டா பள்ளத்தாக்கு இன்னொன்று. இரண்டும் தென்பெண்ணையில் பின்னிக்கொள்கின்றன. கன்னடத்தில் அதற்குத் தட்சிண பினாகினி என்று பெயர். கெலவரப்பள்ளி, கிருஷ்ணகிரி, சாத்தனூர் அணைகளைக் கடந்து கடலூருக்கு வடக்கே அது கடலில் விழுகிறது. பெங்களூரின் மேட்டில் ஒரு விரல்கடை தள்ளி விழுந்த இரண்டு துளிகள் தமிழ்நாட்டுக் கடற்கரையில் கிட்டத்தட்ட 70 கிலோமீட்டர் இடைவெளியில் கரையேறுகின்றன. எத்தனை முறை வரைபடத்தை விரித்தாலும் எனக்கு இது அலுத்ததில்லை.

வகிடு எங்கே எடுப்பது என்று அம்மா முடிவு செய்கிறாள். நீர்ப்பிரிமேட்டை யார் முடிவு செய்வது? ஓடைகளேதான். ஓர் ஓடை கீழ்நோக்கி ஓடுகிறது என்றுதான் நாம் நினைக்கிறோம். ஆனால் அதன் தலை, மழைக்கு மழை, மேல்நோக்கி அரித்துக்கொண்டே போகிறது. மேட்டின் இரண்டு பக்கமும் இப்படி ஓடைகள் எதிரெதிராகக் குடைந்து ஏறுகின்றன. எந்தப் பக்கம் சரிவு அதிகமோ அந்தப் பக்கத்து ஓடைக்கு வேகம் அதிகம், பல்லும் கூர்மை. ஆகவே வகிடு மெல்ல மெல்லச் சமதளமான பக்கத்தை நோக்கி நகர்கிறது. அமெரிக்க நிலவியலாளர் கில்பர்ட் இதை 1877இலேயே எழுதிவிட்டார். பெங்களூரில் மேற்குப் பக்கம் செங்குத்து, கிழக்குப் பக்கம் தட்டை. விருஷபாவதி இறங்கும் நிலத்தைக் காரில் மைசூர்ச் சாலையில் போகும்போதே உணரலாம். வைட்ஃபீல்டு பக்கம் போனால் சரிவே தெரியாது. ஆக, காவிரியின் ஓடைகள் தென்பெண்ணையின் நிலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டிருக்க வேண்டும். அவசரம் இல்லை. லால்பாக் பாறையைப் பார்த்திருப்பீர்கள். அது ஏறத்தாழ 300 கோடி ஆண்டு பழைய நைஸ் பாறை. அதை அரிப்பதற்கு ஓடைக்கு ஒரு மனித வாழ்நாள் என்பது கண்ணிமைக்கும் நேரம்.

ஆனால் மேட்டின் உச்சியில் நிலம் அநேகமாகத் தட்டை. அங்கே வகிடு கலைவதற்கு லட்சம் ஆண்டு வேண்டியதில்லை, ஒரு சாலையை அரை மீட்டர் உயர்த்தினால் போதும். ஒரு தெருவின் மழைநீர் படுகை மாறிப் போய்விடும். பகலெல்லாம் ஓடியாடிய குழந்தையின் தலை மாதிரி, நகர்ப்புற வகிடு அங்கங்கே கலைந்து கிடக்கிறது.

கிழக்குச் சரிவு தட்டையாக இருந்ததால்தான் அங்கே ஏரிகள் சங்கிலியாக அமைந்தன. ஒன்று நிரம்பி வழிந்தால் அடுத்ததற்கு. இவற்றை இணைக்கும் கால்வாய்க்குக் கன்னடத்தில் ராஜகாலுவே என்று பெயர், அரசக் கால்வாய். மெஜஸ்டிக் பக்கம் கிளம்பி, சாந்திநகர் வழியாக, கோரமங்கலாவைத் தொட்டுப் பெல்லந்தூர் ஏரிக்குப் போகும் கால்வாய்க்கு அரசுப் பதிவேட்டில் கே-100 என்று எண். கே என்றால் கோரமங்கலா. விவேக் நகர் இந்தப் பள்ளத்தாக்கின் ஊர். குழந்தை இயேசு கோயிலுக்கு வியாழக்கிழமைகளில் மெழுகுவத்தியோடு வரும் கூட்டத்தின் காலடியில் ஓடும் மழைநீருக்குப் போக வேறு வழி கிடையாது.

வரலாற்றைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் அது மண்ணின் கதையைவிடச் சின்னது. கெம்பே கவுடா 1537இல் கோட்டை கட்டினார், ஏரிகளும் வெட்டினார். 1809இல் பிரிட்டிஷார் கிழக்கே படைகள் தங்கும் தண்டு அமைத்தார்கள். அதனால் மேற்கே பேட்டை, கிழக்கே தண்டு என்று இரண்டு ஊர், இரண்டு நிர்வாகம். தண்டுக்குப் பிழைக்க வந்த தமிழர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் அந்தப் பகுதிகளில் இருக்கிறார்கள். 1949இல் இரண்டும் ஒரே மாநகராட்சியாயின. 1986இல் பெங்களூரு மாவட்டம் நகர்ப்புறம், ஊரகம் என்று பிரிந்தது. நகர்ப்புற மாவட்டம் ஏறத்தாழ 2,200 சதுர கிலோமீட்டர், 2011 கணக்கெடுப்பில் 96 லட்சம் மக்கள். 2007இல் பெரிய மாநகராட்சி. 2025இல் அதையும் ஐந்தாகப் பிரித்து, மேலே பெருநகர ஆணையம் ஒன்றை வைத்தார்கள். அதே ஆண்டு ராமநகர மாவட்டத்துக்குப் பெங்களூரு தெற்கு என்று பெயர் மாறியது.

ஐந்து மாநகராட்சி வந்தால் நகரம் சீராகும் என்று அப்போது பேசப்பட்டதை நானும் படித்தேன். எனக்கு நம்பிக்கை வரவில்லை. புதிய எல்லைகளைப் பெரும்பாலும் சட்டமன்றத் தொகுதிகளை ஒட்டித்தான் போட்டிருக்கிறார்கள். விவேக் நகர் மத்திய மாநகராட்சி. கோரமங்கலா தெற்கு. பெல்லந்தூருக்கு அடுத்த வர்த்தூர் கிழக்கு. விவேக் நகரில் கிளம்பிய மழைநீர் நகரத்தை விட்டு வெளியேறுமுன் மூன்று மாநகராட்சிகளைக் கடக்கிறது. சாக்கடை நீருக்கு 1964இல் ஏற்பட்ட குடிநீர் வடிகால் வாரியம் தனியாகப் பொறுப்பு. ஒரே மாநகராட்சி இருந்த காலத்திலேயே, பெல்லந்தூர் ஏரி 2015இலும் 2017இலும் 2018இலும் தீப்பிடித்தபோது, எந்த அலுவலகத்தின் வாசலில் போய் நிற்பது என்றே மக்களுக்குத் தெரியவில்லை. முடியைப் பாதிப் பாதியாக நான்கு பேர் பிடித்துக்கொண்டு பின்னினால் பின்னல் எப்படி வரும்?

வேறு மாதிரி யோசித்தவர் உண்டு. அமெரிக்காவின் வறண்ட மேற்குப் பகுதியை அளந்த ஜான் வெஸ்லி பாவல், 1890 வாக்கில் ஒரு வரைபடம் போட்டார். மாநிலம், கவுண்டி எல்லைகளை அளவுகோல் வைத்து நேர்கோடாக இழுக்காதீர்கள், நீர்ப்பிரிமேடுகளை எல்லையாக வையுங்கள், ஒரே ஓடையில் குடிப்பவர்கள் ஒரே ஆட்சியில் இருக்கட்டும் என்றார். அவர் பேச்சு எடுபடவில்லை. அந்த நாட்டு கவுண்டிகளில் பல இன்றும் கட்டம் போட்ட காகிதம் மாதிரிதான் இருக்கின்றன. வயோமிங் மாநிலத்தின் டீட்டன் கவுண்டிக்குள் ஓர் ஓடை, ஒரு மரத்தடியில் இரண்டாகப் பிரிந்து, ஒரு கிளை பசிபிக்குக்கும் மற்றது அட்லாண்டிக்குக்கும் போகிறது. அங்கே பலகை வைத்திருக்கிறார்கள். நம் பெங்களூரில் அப்படி ஒரு பலகை இருந்தால் அந்தச் சிறுமியை அங்கே கூட்டிப்போகலாம்.

இப்போது அவள் கேள்வியின் மற்ற பாதிக்கு வருகிறேன். என்னை மயக்கியது அதுதான்.

பள்ளிக்கூடத்துப் பின்னலைத் தொங்கவிட மாட்டார்கள். நுனியை மேலே மடித்துக் காதோரம் ரிப்பனால் கட்டுவார்கள். பெங்களூருக்குக் காவிரி வருவது அப்படித்தான். இடப் பின்னலின் கீழே, 100 கிலோமீட்டருக்கு அப்பால், தொரேகாடனஹள்ளியில் நீரை எடுத்து, மூன்று நிலைகளில் சுமார் 500 மீட்டர் ஏற்றி, தலையுச்சிக்குக் கொண்டுவருகிறார்கள். ஆயிரம் லிட்டரை 500 மீட்டர் உயர்த்த, இயற்பியல் கணக்கின்படி குறைந்தது 1.36 யூனிட் மின்சாரம். பம்பில் போகும் நஷ்டத்தையும் சேர்த்தால் இரண்டு யூனிட்டை நெருங்கும். ஒரு மாடித் தொட்டி நிறைய ஒவ்வொரு முறையும் அவ்வளவு. முதல் கட்டம் 1974இல் வந்தது. 2024 அக்டோபரில் தொடங்கிய ஐந்தாம் கட்டம் நாளுக்கு 77.5 கோடி லிட்டர் கூட்டியது. முழுத் திறனில் மொத்தம் நாளுக்கு 222 கோடி லிட்டருக்கு மேல், ஆண்டுக்கு ஏறத்தாழ 29 டிஎம்சி.

உச்சிக்கு வந்த நீர் வகிட்டைக் கேட்டுக்கொண்டு ஓடுவதில்லை, குழாய் போகிற இடமெல்லாம் போகிறது. நகரத்தின் மூன்றில் ஒரு பங்குதான் காவிரிப் படுகையில் இருக்கிறது. மற்ற இரண்டு பங்கில் பயன்பட்ட நீர் வலப் பின்னலில் இறங்கிவிடுகிறது. இடப் பின்னலின் நுனியை எடுத்து வலப் பின்னலில் முடிந்த மாதிரி.

நதிநீர் இணைப்பு என்று மேடையில் யாராவது பேசும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும். வண்ண வரைபடமும் லட்சம் கோடிக் கணக்கும் அடிக்கல்லும் இல்லாமல், காவிரியும் தென்பெண்ணையும் 50 ஆண்டாக இணைந்திருக்கின்றன. இணைப்புக் கால்வாய், கிழக்குப் பெங்களூரின் சமையலறைத் தொட்டி. அரிசி களைந்த நீர், துணி அலசிய நீர், கழிப்பறை நீர் எல்லாமாக அது ஓடுகிறது. நகரங்களில் குடிநீராகப் போவதில் ஐந்தில் நான்கு பங்கு கழிவுநீராகத் திரும்பும் என்பது பொறியாளர்களின் பொதுக் கணக்கு. பரப்பளவு விகிதத்தையும் சேர்த்து மனக்கணக்குப் போட்டால், ஆண்டுக்கு 15 டிஎம்சி கிழக்கே போகலாம். கிருஷ்ணகிரி அணையின் கொள்ளளவு 1.67 டிஎம்சி.

இந்த வகிடுதான் நீதிமன்றம் ஏறியது. காவிரித் தீர்ப்பாயம் 2007இல் பெங்களூருக்குக் குடிநீர் ஒதுக்கியபோது, நகரின் மூன்றில் ஒரு பங்கே படுகைக்குள் இருக்கிறது என்று சொல்லி அளவைக் குறுக்கியது. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. குடிநீர்த் தேவைக்கு அந்தக் கோடு தடையாகக் கூடாது என்று 4.75 டிஎம்சி கூட்டித் தந்தது. தாகத்துக்குப் படுகை கிடையாது என்பது எனக்கும் சரியாகவே படுகிறது. ஆனால் இன்னொரு கணக்கு நெருடுகிறது. குடிநீருக்கு எடுப்பதில் 20 விழுக்காட்டை மட்டும் செலவாக எழுதினால் போதும் என்பது தீர்ப்பாயத்தின் முறை. மீதி ஆற்றுக்குத் திரும்பிவிடும் என்பதுதான் அதன் உள்ளர்த்தம். பசவனகுடிக்கு அது பொருந்தும். அங்கே குளித்த நீர் அர்க்காவதி வழியாகப் பிலிகுண்டுலு அளவு நிலையத்தைக் கடக்கும்போது, கர்நாடகம் தமிழ்நாட்டுக்கு விட்ட காவிரியாகவே பதிவாகிறது. விவேக் நகரில் குளித்த நீரோ அந்தக் கணக்கேட்டுக்கு ஒருநாளும் வராது. அது தமிழ்நாட்டுக்குத்தான் வருகிறது, வேறு ஆற்றில், வேறு உழவர்களுக்கு.

2018இலிருந்து வலப் பின்னலிலும் ஒரு மடிப்பு விழுந்திருக்கிறது. கோரமங்கலா - சல்லகட்டா பள்ளத்தாக்கின் கழிவுநீரைச் சுத்திகரித்து, நாளுக்கு 44 கோடி லிட்டர் வரை கோலார் மாவட்டத்து ஏரிகளுக்குப் பம்பு செய்யும் திட்டம் அது. வறண்டு கிடந்த ஏரிகள் நிரம்பின, கிணறுகளில் நீர் ஏறியது. கோலாரில் இதைக் கொண்டாடுகிறவர்களின் மகிழ்ச்சி நியாயமானது. ஆனால் சுத்திகரிப்பு இரண்டாம் நிலையோடு நின்றுவிடுகிறது. முதல் ஏரியிலேயே நுரை வந்து, நீதிமன்றம் சில காலம் நிறுத்திவைத்தது. ‘சுத்திகரித்த நீர்’ என்று விளம்பரத்தில் படிக்கும்போது எந்த நிலை வரை என்று கேளுங்கள். கோலாரின் ஒரு பகுதி பாலாற்றுப் படுகை. அந்த மாவட்டத்தில் கொட்டும் நீரில் எவ்வளவு எந்த ஆற்றின் நிலத்தடிக்குப் போகிறது என்பது அடுத்த வகிட்டின் கதை.

அம்மணிக்கு இதைச் சொல்லுங்கள்: உன் காவிரி திரும்பிப் போகாது, கண்ணு. அது எங்கே போகிறதென்று பார்க்க ஆசைப்பட்டால் ஓசூர் பக்கம் கெலவரப்பள்ளி அணைக்குக் கூட்டிப்போங்கள். மழைக்காலத்தில், மதகு திறந்திருக்கும் நாளாகப் பார்த்துப் போங்கள். நீர் இறங்கும் இடத்தில் வெள்ளைவெளேரென்று நுரை பொங்கிக் காற்றில் பறக்கும். அதில் உங்கள் வீட்டுச் சோப்பும் இருக்கும்.