உதைக்கும் கூரை

1834ஆம் ஆண்டு. பிரான்சு நாட்டின் பர்கண்டிப் பகுதியில் உள்ள வெஸ்லே என்னும் குன்றுக் கிராமத்துக்கு அரசாங்க அலுவலர் ஒருவர் வந்தார். நாட்டிலுள்ள பழைய கட்டடங்களைப் பார்வையிட்டு அறிக்கை தருவது அவருடைய பணி. குன்றின் உச்சியில் இருந்த பழம்பெரும் தேவாலயத்தினுள் அமர்ந்து அவர் படம் வரையலானார். அவரைச் சுற்றிலும் சிறு கற்கள் கூரையிலிருந்து கழன்று விழும் ஓசை கேட்டவண்ணம் இருந்தது. அவர் பெயர் புரோஸ்பெர் மெரிமே. பிற்காலத்தில் 'கார்மென்' என்ற கதையை எழுதிப் புகழ் பெற்றவர் இவரே. விரைவில் பழுது பார்க்காவிட்டால், விபத்தைத் தவிர்க்க இக்கட்டடத்தை இடித்துவிட நேரும் என்று அவர் எச்சரித்தார்.

கற்கள் ஏன் விழுந்தன? எழுநூறு ஆண்டுகளில் கல் மக்கிவிட்டதா? இல்லை. பாரம் தாங்காமல் நொறுங்கியதா? அதுவும் இல்லை. கட்டி முடித்த நாள் முதலாகக் கூரை தன் சுவர்களைப் பக்கவாட்டில் உதைத்துக்கொண்டே இருந்தது. எடை என்பது கீழ்நோக்கிச் செயல்படும் விசையாயிற்றே, அது எப்படிப் பக்கவாட்டில் உதைக்கும் என்று நீங்கள் கேட்கலாம். அதற்கு விடை காணுமுன் கட்டடத்தின் கதையைச் சிறிது பார்ப்போம்.

மரிய மதலேனாளின் எலும்புகள் இங்கு இருப்பதாக மக்கள் நம்பியதால், 11ஆம் நூற்றாண்டில் யாத்திரிகர் கூட்டம் வெஸ்லேயை நோக்கிப் பெருகியது. துறவிமடத்தார் பெரிய கோயில் கட்டத் தொடங்கினர். அதற்கான வரிச்சுமை தாங்காமல் ஊரார் கலகம் செய்து, 1106இல் மடத்தலைவர் ஆர்த்தோவைக் கொன்றனர். 1120 ஜூலை 21 அன்று, திருவிழாவின் முந்திய நாள், தேவாலயத்தில் தீப்பிடித்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட யாத்திரிகர்கள் மடிந்ததாகப் பழைய குறிப்புகள் கூறுகின்றன. அதன் பின்னர், ஏறத்தாழ 1140க்குள், இப்போது நாம் காணும் நடுக்கூடம் எழுந்தது. நீளம் ஏறத்தாழ 62 மீட்டர். உயரம் 18 மீட்டருக்குச் சற்று மேல். கூரை முழுவதும் கல்.

கல்லுக்கு ஒரு குணம் உண்டு. அமுக்கினால் வெகுவாகத் தாங்கும். இழுத்தால் எளிதில் முறியும். நீண்ட கல் ஒன்றை இரு தூண்களின் மேல் கிடத்தினால் அதன் அடிப்பக்கம் இழுவிசைக்கு உள்ளாகிறது. ஆகையால் அகலமான கூடத்தைக் கற்பலகைகளால் மூட முடியாது. சிறு கற்களை வளைவாக அடுக்கினால் ஒவ்வொரு கல்லும் அடுத்ததை அமுக்கும், இழுவிசைக்கே இடமில்லை. ஆனால் இந்த வசதிக்கு ஒரு விலை கொடுக்க வேண்டும்.

அதை ஓர் எளிய சோதனையால் அறியலாம். ஒரு சங்கிலியின் இரு முனைகளையும் இரு கைகளில் பிடித்துத் தொங்கவிடுங்கள். அது கைகளைக் கீழே இழுப்பதோடு, ஒன்றையொன்று நோக்கி உள்ளேயும் இழுப்பதை உணர்வீர்கள். இப்போது கைகளை மெல்ல அகற்றுங்கள். தொய்வு குறையக் குறைய இழுப்பு மிகும். இந்தச் சங்கிலியை அப்படியே தலைகீழாக்கி விறைப்பாக்கினால் அதுவே கல் வளைவு. இழுப்பு அமுக்கமாகும், உள்நோக்கிய விசை வெளிநோக்கிய உதைப்பாகும். இந்த உண்மையைக் கண்டவர், சுருள்வில்லைப் பற்றிய விதியால் உங்களுக்கு அறிமுகமான அதே இராபர்ட் ஹூக்தான். 1675இல் எழுத்துக்களைக் கலைத்துப் போட்ட ஒரு புதிராக இதை வெளியிட்டார். வெஸ்லேயின் கொத்தனார்கள் அவருக்கு ஐந்து நூற்றாண்டுகள் முந்தியவர்கள்! அவர்களிடம் இருந்தது அனுபவமும் கண்ணளவும்தான்.

கணக்காகவும் பார்த்துவிடுவோம். வளைவின் மொத்த எடை எ என்க. அது அகலம் முழுவதும் சீராகப் பரவியிருப்பதாகக் கொண்டால், பாதி வளைவின் திருப்புத்திறனைச் சமன்படுத்திப் பக்க உதைப்பைக் காணலாம். எடையை அகலத்தால் பெருக்கி, உயரத்தின் எட்டு மடங்கால் வகுத்தால் உதைப்பு கிடைக்கும். அகலம் 8 மீட்டர், உயரம் 4 மீட்டர் எனில் உதைப்பு எ/4. அதே வளைவு தளர்ந்து உயரம் 3 மீட்டரானால் எ/3. 2 மீட்டரானால் எ/2.

இதில்தான் ஆபத்து இருக்கிறது. உதைப்பால் சுவர் சற்றே வெளிப்புறம் சாய்கிறது. உடனே அகலம் கூடுகிறது, உச்சி தாழ்கிறது. ஆகவே உதைப்பு முன்னைவிட மிகுகிறது. சுவர் மேலும் சாய்கிறது. குற்றம் தன்னைத்தானே வளர்த்துக்கொள்கிறது!

வெஸ்லே கொத்தனார்கள் துணிச்சல்காரர்கள் என்றே சொல்ல வேண்டும். அக்காலத்தில் வழக்கமாக இருந்தது நீண்ட பீப்பாயைப் பிளந்து கவிழ்த்தாற்போன்ற கூரை. அது சுவரை நீளம் முழுவதும் உதைக்கும். எனவே சுவரின் மேற்பகுதியில் பெரிய சன்னல்கள் வைக்க அஞ்சுவர். கூடம் இருண்டு கிடக்கும். வெஸ்லேயில் கூடத்தைப் பத்துக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றின் மீதும் இரண்டு பீப்பாய்கள் குறுக்கே வெட்டிக்கொள்வது போன்ற கூரையை அமைத்தனர். இதில் பாரமும் உதைப்பும் நான்கு மூலைகளில் வந்து குவிகின்றன. மூலைகளுக்கு இடையிலுள்ள சுவருக்கு வேலை குறைவு. அங்கே சன்னல்கள் திறக்கலாம். கட்டங்களைப் பிரிக்கும் குறுக்கு வளைவுகளில் வெளிர்நிறக் கல்லும் கருநிறக் கல்லும் மாறி மாறி வருகின்றன.

அச்சன்னல்களின் பயனை ஜூன் 21ஆம் நாளையொட்டிக் காணலாம். வெஸ்லேயின் அட்சரேகை ஏறத்தாழ 47½ பாகை வடக்கு. அன்று நண்பகலில் சூரியனின் ஏற்றம் 90 − 47½ + 23½, அதாவது 66 பாகை. தென்புறச் சன்னல்கள் வழியே இறங்கும் ஒளி, தரையின் நட்டநடுவில் வரிசையான ஒளித்திட்டுகளாக விழுந்து, வாயிலிலிருந்து பீடத்தை நோக்கிப் பாதை போட்டதுபோல் தோன்றும். டிசம்பரில் சூரியன் 19 பாகையே உயர்வதால் ஒளி எதிர்ச்சுவரின் மேற்பகுதியில் விழும். (நண்பகல் என்றது சூரியன் உச்சத்துக்கு வரும் வேளையை. பிரான்சின் கோடைக்காலக் கடிகாரம் அப்போது பிற்பகல் 1.47 காட்டும்!) இது திட்டமிட்டுச் செய்யப்பட்டது என்று பலர் சொல்கின்றனர். சன்னல்களின் உயரமும் கூடத்தின் அகலமும் உரிய விகிதத்தில் இருந்தால் இவ்வாறு விழுந்தே தீரும். ஆகவே அதை மட்டும் வைத்துக் கட்டியவர்களின் எண்ணத்தை முடிவு செய்ய நான் தயங்குவேன்.

துணிச்சலுக்கு ஏற்ற பாதுகாப்பு மட்டும் இல்லை. மூலைகளில் குவிந்த உதைப்பைத் தாங்கப் போதிய முட்டு கொடுக்கப்படவில்லை. 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் கிழக்கே பீடப்பகுதியைப் புதிதாகக் கட்டியபோது கொத்தனார்கள் வேறு வித்தை கற்றிருந்தனர். வளைவின் உச்சியைக் கூராக்கி உயர்த்தினர். நம் சூத்திரப்படி உயரம் கூடினால் உதைப்பு குறைய வேண்டுமல்லவா? எஞ்சிய உதைப்பை வெளியே நிற்கும் பருத்த தூண்களுக்குக் கடத்த, சுவருக்கு வெளியே அரைவளைவுகளைத் தாவவிட்டனர். இவை பறக்கும் முட்டுகள் எனப்படும். பழைய கூடத்துக்கும் பின்னர் இத்தகைய முட்டுகள் சேர்க்கப்பட்டன. ஆனால் உரிய இடத்தில் முட்டுக்கொடுக்காததால் பயன் குறைவாயிற்று.

1279இல் புனிதையின் எலும்புகள் தெற்கே புரோவான்சில் கிடைத்ததாகச் செய்தி பரவ, யாத்திரிகர் வரத்து குறைந்தது, வருவாயும் வற்றியது. மதப்போர், புரட்சி இவற்றில் கட்டடம் மேலும் சேதமுற்றது.

1840இல் திருப்பணி வியோலே-லெ-துக் என்பவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவருக்கு வயது 26. இத்தகைய பெரும்பணியை அவர் அதற்கு முன் செய்ததில்லை. ஓரிடத்தில் கல்லை அகற்றினால் மற்றோரிடத்தில் சமநிலை குலையும் நிலையில் கட்டடம் இருந்தது. முதலில் மரச் சாரங்களால் வளைவுகளைத் தாங்கவைத்தார். பின்பு பயனற்ற முட்டுகளை நீக்கி, உதைப்பு வந்து சேரும் இடத்திலேயே புதியவற்றை எழுப்பினார். மிகவும் சிதைந்த வளைவுகளையும் கூரைக் கட்டங்களையும் பிரித்துத் திரும்பக் கட்டினார். 1859 வரை பணி நடந்தது. பிற்காலத்தில் கூர்வளைவு முறையில் மாற்றப்பட்டிருந்த சில கட்டங்களையும் அவர் பழைய அரைவட்ட முறைக்கே மாற்றினார். சிற்பங்கள் சிலவற்றுக்குப் பதிலாகப் புதியன செதுக்கச் செய்தார். வரலாற்றறிஞர்கள் இதற்காக அவரைக் குறை கூறுவதில் நியாயம் உண்டு. ஆயினும் அவர் இல்லையேல் குறை கூறுவதற்குக் கட்டடமே இருந்திராது.

1979இல் யுனெஸ்கோ இதனை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. இன்றும் மேற்கு வாயிலில் நின்று கூரையை அண்ணாந்து பார்த்தால், பழைய குறுக்கு வளைவுகள் அரைவட்டமாக இல்லாமல் உச்சியில் அமுங்கித் தட்டையாகத் தெரியும். அவற்றைத் தாங்கும் சுவர்களும் வெளிப்புறம் சாய்ந்தே நிற்கின்றன. அந்தச் சாய்வை வியோலே-லெ-துக் நிமிர்த்தவில்லை. மேலும் சாயாமல் நிறுத்தினார்.